எந்த ஆத்தூர்?

பனமரத்துப்பட்டியில் ஒருவர் "ஆத்தூர் போறேன்" என்றால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கிழக்கே, வசிஷ்ட நதிக்கரையில் இருக்கும் ஆத்தூர்தான். அதையே திண்டுக்கல்லில் சொன்னால் பஸ் வேறு பக்கம் போகும். தூத்துக்குடி மாவட்டத்தில் சொன்னால், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், வெற்றிலைக்குப் பேர்போன இன்னொரு ஆத்தூரில் போய் இறங்குவீர்கள். சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலேயே இரண்டு ஆத்தூர்கள் உண்டு. தமிழில் மூன்றுக்கும் ஒரே எழுத்துதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றுக்கு இரட்டை 'டி', இன்னொன்றுக்கு 'டிஹெச்', மூன்றாவதுக்கு நடுவில் ஒரு 'யூ' போட்டு ஒப்பேற்றுகிறோம்.

ஆற்றங்கரை ஊரெல்லாம் ஆத்தூர். இதில் குழப்பம் எதுவும் இல்லை. பெயர் என்பது பாதித் தகவல், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பஸ் ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே வகை. ஒருவர், பெயர் ஒத்துப்போனால் வரலாறும் ஒத்துப்போகும் என்று காணொளி போடுபவர். இன்னொருவர், பெயர் ஒத்துப்போனால் ஆளும் ஒன்றுதான் என்று படிவம் தயாரிப்பவர். இந்தக் கட்டுரை இருவருக்கும் எதிரானது.

முதலாமவருக்கு ஒரு பரிசு தருகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சேலம் இருக்கிறது. 1692இல் சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களைத் தூக்கிலிட்ட அதே ஊர். 1626இல் ஆங்கிலேயர்கள் அங்கே குடியேறியபோது அந்த இடத்துக்குப் பூர்வகுடிகள் வைத்திருந்த பெயர் நவும்கேக். நம் சேலத்துக்குப் பக்கத்தில் நாமக்கல், அவர்கள் சேலத்துக்கு அடியில் நவும்கேக்! இதை வைத்து நாற்பது நிமிட வீடியோ போடலாம். கொல்லிமலைத் தமிழன் அட்லாண்டிக் கடந்தான் என்று தலைப்பு வைத்தால் லட்சம் பேர் பார்ப்பார்கள். உண்மை ரொம்பச் சாதாரணமானது. அந்தச் சேலம் பைபிளிலிருந்து எடுத்த பெயர், எருசலேமின் பின்பாதி. நவும்கேக் பூர்வகுடிகளின் மொழிச்சொல். நாமக்கல்லோடு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கொரியா, ஜப்பான், ஆப்பிரிக்கா என்று நமக்கு வாட்ஸ்அப்பில் வரும் 'தமிழ் ஊர்ப்பெயர்' பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் தயாராகின்றன. ஒலி ஒத்தால் போதும், மேற்கொண்டு ஒரு கேள்வி கிடையாது.

சீனாவைப் பாருங்கள். அங்கே ஷான்சி என்று இரண்டு மாகாணங்கள், அதுவும் அடுத்தடுத்து. சீன எழுத்தில் வேறு வேறு. பேச்சில் முதல் அசையின் ஏற்ற இறக்கம் வேறு. ஆங்கில எழுத்துக்கு மாற்றியதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் ஒன்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு 'ஏ' சேர்த்து எழுதுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஜியாங்சுவில் ஒரு சுஜோ, ஆன்ஹுயியில் ஒரு சுஜோ. ஃபுஜியானில் ஒரு ஃபுஜோ, ஜியாங்சியில் ஒரு ஃபுஜோ. ஆட்கள் கதை இன்னும் பெரியது. வாங், லி என்ற இரண்டு குடும்பப்பெயர்களில் மட்டும் தலைக்குச் சுமார் 10 கோடிப் பேர். தமிழ்ச் செய்திகளில் வெறும் 'ஷான்சி மாகாணத்தில்' என்று படிக்கும்போது எந்த ஷான்சி என்று நாம் கேட்பதே இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அதைத் தொலைப்பது பெயரை எடுத்துக்கொண்டு போகும் நாம்தான்.

இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றுப் பாடல்களின் கீழே இருக்கும் குறிப்புகளைப் படித்திருப்பீர்கள். தொகுத்தவர்கள் கையில் இரண்டு நன்மாறன்கள் இருந்தார்கள். என்ன செய்தார்கள்? ஒருவர் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், இன்னொருவர் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். இரண்டு கிள்ளிவளவன்கள். ஒருவர் குளமுற்றத்துத் துஞ்சியவர், மற்றவர் குராப்பள்ளித் துஞ்சியவர். செத்த இடத்தைப் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ராஜாவின் புகழ் பாடுவதற்காக யாரும் இப்படி எழுத மாட்டார்கள். ஆள் மாறிவிடக்கூடாது என்ற கவலை இருப்பவர்தான் எழுதுவார். நெடுஞ்செழியன் என்றால் ஆரியப்படை கடந்தவரா, தலையாலங்கானத்துச் செருவென்றவரா என்று சொல்லிவிடுவார்கள். சாத்தனார் என்றால் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்: ஊர், தொழில் எல்லாம் சேர்த்து. பெயர் தெரியாத தொகுப்பாளர்கள் காட்டிய இந்த ஒழுக்கம் பின்னால் வந்தவர்களிடம் இல்லை.

இல்லை என்பதற்குச் சாட்சி ஔவையார். அதியமானோடு கள் குடித்த சங்ககாலப் பாடினி ஒருவர். சேலத்துக்கு வடக்கே, இன்றைய தருமபுரியான தகடூர்தான் அவர் களம். தொகைநூல்களில் அவர் பெயரில் 59 பாடல்கள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எழுதியவர் பல நூற்றாண்டு பிந்தியவர், மொழி வேறு, உலகம் வேறு. விநாயகர் அகவலைப் பாடியவர் இன்னொருவர் என்று கருதுவோரும் உண்டு. 'ஔவை' என்றால் தாய், மூத்தவள் என்றுதான் பொருள். அது பலருக்கும் பொருந்தக்கூடிய மரியாதைச் சொல். ஆராய்ச்சியாளர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நம் மனதில் இருப்பது ஒரே பாட்டி: கையில் கோல், வாயில் நீதி. 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்தப் பாட்டிக்கு ஒரு முகமும் குரலும் கொடுத்தார். படத்தைக் குறை சொல்லவில்லை, அது கதை. எழுபது வருஷம் கழித்தும் அதை வரலாறாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அநியாயம்.

"பல ஔவைகள் ஒன்றானால் என்ன நஷ்டம்?" என்பார்கள். நஷ்டம் இதுதான். தமிழில் பெண் கவிஞர்களின் எண்ணிக்கையே குறைவு. அதில் இரண்டு மூன்று பேரை ஒரே கிழவியாகச் சுருக்கிவிட்டோம். யுத்தத்துக்குத் தூது போன, ராஜா கொடுத்த கள்ளைப் பற்றிக் கூச்சமில்லாமல் பாடிய ஒரு பெண்ணை, குழந்தைகளுக்கு "அறம் செய விரும்பு" சொல்லித்தரும் பாட்டிக்குள் அடைத்துவிட்டோம். சங்கக் கபிலருக்கும் பதினோராம் திருமுறையின் கபிலதேவருக்கும் நடந்தது இதுவே. பட்டினத்தாருக்கும் அதேதான்.

இனி இரண்டாமவர், படிவம் தயாரிப்பவர். சேலம், நாமக்கல் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். தாத்தா பெரியசாமி. மகன்கள் முத்துசாமி, மாரிமுத்து. இருவரும் மூத்த பையனுக்கு அப்பா பெயரை வைக்கிறார்கள். மு. பெரியசாமி, மா. பெரியசாமி. தமிழில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆங்கிலத்தில் இருவரும் எம். பெரியசாமி. ஒரே ஊர், ஒரே வயசு, ஒரே இனிஷியல். இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தபோது பலர் மொழிப்பற்று நாடகம் என்று சிரித்தார்கள். அடையாளம் என்ற கணக்கில் பார்த்தால், ஒரே எம்முக்குள் மு, மா, மீ, மோ எல்லாவற்றையும் திணிப்பதுதான் சிரிப்புக்குரிய விஷயம்.

ஊரில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். மேட்டுக்கொட்டாய்ப் பெரியசாமி, பால்காரப் பெரியசாமி. குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவனின் அதே இலக்கணம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று யாரோ ஊருக்குச் செய்த இரண்டு கட்டம். இரண்டாவது காலியாக இருந்தால் நுழைய முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்றே அறிவித்தது.

இந்த இடத்தில்தான் சிலர் மெதுவாக வருகிறார்கள்: "லாஸ்ட் நேம்தானே, சாதிப்பெயரைப் போட்டுக்கலாமே, மத்த ஸ்டேட்ல எல்லாம் இல்லையா?" வேண்டாம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டு, பிறகு தலைமுறை தலைமுறையாக உதிர்த்த வாலை ஒரு காலிக் கட்டத்துக்காக ஒட்டவைக்க முடியாது. தவிர, சாதிப்பெயர் ஆளைப் பிரித்துக் காட்டவும் செய்யாது. ஊரில் பாதிப் பேருக்கு அது ஒன்றாகவே இருக்கும். தப்பு கட்டத்தில் இருக்கிறது, பெயரில் இல்லை.

என் தொழிலில் தகவல் தொகுப்புகளைச் சேர்க்கும்போது இரண்டு வகைத் தவறு வரும். ஒருவரை இருவராகப் பதிவது, இருவரை ஒருவராக்குவது. மேலோட்டமாக இரண்டும் சமம். உண்மையில் சமமே இல்லை. ஒருவரை இருவராக எழுதிவிட்டால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டு பதிவும் கையில் இருக்கின்றன. இருவரை ஒருவராக்கி அழித்துவிட்டால், எந்த வரி யாருடையது என்ற தகவலே போய்விடுகிறது. அப்புறம் எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் பிரிக்க முடியாது. முதல் தவறு செலவு. இரண்டாவது தவறில் ஓர் ஆள் காணாமல் போகிறார்.

அரசு நிர்வாகம் பயப்படுவது முதல் தவறுக்குத்தான். போலிப் பயனாளி, இரட்டை வாக்காளர். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகிறது என்று திரையில் பார்த்து ஒரு பெரியசாமியை நீக்குவதும், ஒலி ஒத்துப்போகிறது என்று ஒரு நவும்கேக்கை நாமக்கல் ஆக்குவதும் ஒரே சோம்பேறித்தனம். பின்னதில் யாருக்கும் சோறு போகாது. முன்னதில் முதியோர் உதவித்தொகை போகும், ஓட்டு போகும். "நான் அவரில்லை" என்று நிரூபிக்கும் வேலையை அறுபது வயசுக்காரர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? ஒத்துப்போகும் பெயர் விசாரணையின் ஆரம்பம். அதையே தீர்ப்பாக எழுதக்கூடாது.

எனவே கோரிக்கை எளிது. வேறு ஆதாரம் கிடைக்கும்வரை இருவரை இருவராகவே வையுங்கள். படிவத்தில் ஒரே ஒரு பெயர்க் கட்டம் போதும், அதில் தமிழ் இனிஷியலோடு முழுப்பெயரை எழுத விடுங்கள். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுதாகக் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள், கொட்டாயைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஔவையைப் பற்றி எழுதினால் எந்த ஔவை என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். ரெண்டாயிரம் வருஷத்துப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள், செத்துப்போன ராஜாக்களுக்கே இந்த மரியாதையைக் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும் பெரியசாமிக்கு நாம் கொடுக்க மாட்டோமா?