எண்ணியறிந்தால் மட்டும் போதுமா?

உழைத்தவனுக்கு உரிய ஊதியம் கொடாமை எந்நாட்டில் நிகழ்ந்தாலும் அநீதியே. செல்வமும் சட்டவாட்சியும் மிக்க கனடாவிலே அது நிகழ்ந்தது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டு மத்திய அரசாங்கம் 'பீனிக்ஸ்' என்னும் கணினிச் சம்பள முறையைத் தொடக்கியது. அரசாங்க ஊழியர் பல்லாயிரவர் குறைவாகப் பெற்றனர். சிலர் மிகையாகப் பெற்றுத் திருப்பிக் கொடுக்கும் தொல்லைக்கு ஆளாயினர். வேறு சிலர் ஒரு சதமும் பெற்றிலர்.

குற்றம் யாருடையது? இயந்திரத்தின் மேற் பழி சுமத்துவோர் அந்நாட்டுக் கணக்காய்வாளர் நாயகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பார்க்கட்டும். சம்பளம் கணிப்பதற்குரிய செயற்பாடுகள் 984 என எண்ணப்பட்டிருந்தன. செலவையும் காலத்தையும் சுருக்கும் பொருட்டு, அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை அதிகாரிகள் நீக்கினர் அல்லது ஒத்திவைத்தனர். வெள்ளோட்டமும் கைவிடப்பட்டது. ஆகவே, இது அறியாமையால் விளைந்த கேடன்று. அறிந்தது மேலிடத்தின் முன் நில்லாமையால் விளைந்த கேடு.

ஒரு காரியாலயத்தின் தேவைகளைக் கேட்டறிந்து, வகைப்படுத்தி, கணினி முறையை ஆக்குவோரிடம் ஒப்புவிப்பவரே வணிகப் பகுப்பாய்வாளர். அவர்தம் பயிற்சியை ஒழுங்குபடுத்த 2003இல் ரொறன்ரோவில் ஒரு சர்வதேச நிறுவகம் தோன்றியது. அது வகுத்த விதிப்படி, உயர்தரச் சான்றிதழ் வேண்டியவர் பத்தாண்டுக்குள் 7,500 மணி நேரம் அத்தொழில் புரிந்திருக்க வேண்டும்; 35 மணி நேரப் பயிற்சியும் பெற்றுப் பரீட்சையிலும் சித்தியெய்த வேண்டும். அனுபவத்தை வற்புறுத்தும் இவ்விதியை நாம் வரவேற்கிறோம். ஆயினும் மணிக் கணக்கு மனவுறுதியை அளக்குமா?

சட்டம் பயின்ற நாம் ஒன்றை அறிவோம். வழக்கு நில்லாது என்பதைக் கட்சிக்காரரின் முகத்துக்கு நேரே கூறுவது சட்டத்தரணியின் கடமை. அவர் விரும்புவதை மட்டும் கூறுபவன் சட்டத்தரணியல்லன், தரகன். பகுப்பாய்வாளருக்கும் இக்கடமை உண்டு.

எனவே நாம் வேண்டுவன மூன்று. பயிலுநர் சில மாதங்களேனும் சம்பள எழுதுநரின் அருகிருந்து தொழில் கற்கட்டும். ஒரு செயற்பாட்டை நீக்க முற்படும்போது, அதனால் யாருக்கு என்ன இழப்பு நேரும் என்பதைப் பகுப்பாய்வாளர் எழுத்தில் வைக்கட்டும். தலைமை அதிகாரி அதனைப் படித்ததாகக் கையொப்பமிடட்டும். பயிற்சிச் செலவைத் தொழில் கொள்வோர் ஏற்பதோடு, தீர்மானிக்கும் அதிகாரிகளும் அதே வகுப்பில் அமரட்டும்.

7,500 மணி நேரத்துள் ஒருமுறையேனும் 'இது கூடாது' என்று சொல்லத் துணியாதவர், சான்றிதழ் பெற்றவராகலாம், பயிற்சி பெற்றவராகார்.