ராமராஜன் பாட்டு கேட்க ஹெட்போன் எதற்கு?

ஸ்பாட்டிஃபையில் ‘பிரைவேட் செஷன்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டால், ஒருவர் என்ன பாட்டு கேட்கிறார் என்பது அவரைப் பின்தொடரும் நண்பர்களுக்குத் தெரியாது. பேங்க் பாஸ்வேர்டு மாதிரி ஒளித்துவைக்க வேண்டிய விஷயமா பாட்டு? ஆமாம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

சென்னை ஓ.எம்.ஆரிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கும் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஆபீஸ் கேபில் ப்ளூடூத்தை யாராவது கேட்டால் கோல்ட்பிளே ஓடும், ஏ.ஆர்.ரஹ்மான் ஓடும், கொஞ்சம் தைரியம் இருந்தால் சந்தோஷ் நாராயணன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, இயர்பட்ஸை மாட்டிய பிறகுதான் ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ வெளியே வரும். மாட்டிக்கொண்டால் சொல்ல ஒரு பதிலும் தயாராக இருக்கும்: “அது சும்மா, கில்ட்டி பிளஷர்!”

(பிரிட்டனிலேயே, கோல்ட்பிளே பிடிக்கும் என்று வெளியில் சொல்லக் கூச்சப்படும் இசைப் பிரியர்கள் உண்டு. 2025 ஜனவரியில் அகமதாபாத் ஸ்டேடியத்தில் அதே பேண்டைப் பார்க்க இந்தியாவே திரண்டது. எது ஸ்டைல், எது கிரிஞ்ச் என்பது ஊருக்கு ஊர் மாறுகிற சமாச்சாரம்.)

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ராமராஜனை விடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

மதுரையிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் மேலூர். ராமராஜனின் சொந்த ஊர். அங்கே சினிமா தியேட்டரில் வேலை பார்த்தவர், சென்னைக்குப் போய் இயக்குநர் ராம நாராயணனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1985-இல் ‘மண்ணுக்கேத்த பொண்ணு’ மூலம் இயக்குநர் ஆனார். அடுத்த ஆண்டே ‘நம்ம ஊரு நல்ல ஊரு’ படத்தில் கதாநாயகன். அதற்குப் பிறகு ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ (1987), ‘எங்க ஊரு காவல்காரன்’ (1988), ‘கரகாட்டக்காரன்’ (1989) என்று வரிசையாக வந்தன. ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. ரஜினியும் கமலும் உச்சத்தில் இருந்த காலம் அது. சண்டையிலும் நடனத்திலும் பெரிய வித்தை எதுவும் காட்டாத ஒருவரின் படத்துக்கு, ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் இன்றைக்கு ராமராஜன் என்றால் மீம்தான் நினைவுக்கு வருகிறது. பளீர் பச்சையிலும் மஞ்சளிலும் சட்டை, டவுசர், உதட்டுச் சாயம், மாட்டுக்குப் பாட்டுப் பாடிப் பால் கறப்பது. கேலி செய்ய விஷயம் இல்லாமல் இல்லை. அந்தச் சட்டைகளுக்கு எந்த வக்கீலாலும் வாதாட முடியாது. பிரச்சினை என்னவென்றால், சட்டையோடு சேர்த்துப் பாட்டையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டு யாருடையது? 1987-இல் இளையராஜா இசையமைத்த படங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, மணிரத்னத்தின் ‘நாயகன்’. டைம் பத்திரிகை 2005-இல் வெளியிட்ட உலகின் சிறந்த 100 படங்கள் பட்டியலில் இடம்பெற்றது. இன்னொன்று, கங்கை அமரனின் ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’. இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே இசையமைப்பாளர். முதல் படத்தின் பாட்டை ஸ்டேட்டஸில் வைத்தால் ரசனைக்காரர். இரண்டாவதை வைத்தால், “டேய், என்னடா இது மினி பஸ் பாட்டு?”

இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனையும் பேஸ் கிட்டார் வாசித்த சசிதரனையும் அவருடைய ரசிகர்கள் இன்னமும் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். மேற்கத்திய நாடு என்றால் ராக் பேண்டில் நின்றிருக்கக்கூடிய கலைஞர்கள். கிராமத்துப் படத்துக்கு என்று இளையராஜா தனியாக மட்டமான சரக்கு எதையும் வைத்திருக்கவில்லை. ராமராஜன் படப் பாடல்களை நல்ல ஹெட்போனில் கேட்டால், தவிலும் பம்பையும் மேலே அதிர்ந்துகொண்டிருக்க, அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பது தெரியும். பாதியில் வயலின் கூட்டம் வந்து வேறொரு கதை சொல்லிவிட்டுப் போகும். மினி பஸ் ஸ்பீக்கரில் இதில் முக்கால்வாசி காணாமல் போயிருக்கும். அது ஸ்பீக்கரின் குற்றம்.

இன்னொரு தகவலும் உண்டு. ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ படத்துக்காகப் பாடியவர்களில் ஒருவர் ஆஷா போஸ்லே. பத்து ஆண்டுகள் கழித்து, 1997-இல், இங்கிலாந்தின் கார்னர்ஷாப் என்ற ராக் பேண்ட் அவரைக் கொண்டாடி ஒரு பாட்டு வெளியிட்டது. அதன் ரீமிக்ஸ் 1998-இல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஆக, லண்டன் இளைஞர்கள் பெருமையாகப் போட்டுக் கேட்ட பாட்டின் நாயகி, மேலூர்க்காரர் படத்துக்கு அதற்கு முன்பே பாடி முடித்திருந்தார்.

பாட்டு ஒண்ணுதான், ஆள்தான் வேற

அப்படியென்றால் பாட்டில் குறை இல்லை. பிறகு எதற்கு வெட்கம்?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ரசனை என்பது மனசிலிருந்து தானாக முளைப்பதல்ல. எந்த வீட்டில் பிறந்தோம், எவ்வளவு படித்தோம் என்பதோடு பின்னிக் கிடப்பது. ‘எனக்கு இது பிடிக்கும்’ என்பதை விட, ‘நான் அந்த மாதிரி ஆள் இல்லை’ என்று காட்டத்தான் ரசனை அதிகம் பயன்படுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். கனடா இசை விமர்சகர் கார்ல் வில்சன், தனக்குச் சுத்தமாகப் பிடிக்காத செலின் டியோனைப் பற்றி 2007-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று தோண்டிக்கொண்டே போனவர் வந்து நின்ற இடங்களில் பூர்தியூவும் ஒன்று.

மேலூருக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது சுலபம். ‘மினி பஸ் பாட்டு’ என்ற சொல்லில் இசையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தப் பாட்டை யார் கேட்கிறார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது: நாற்று நடப் போகிறவர், கல் குவாரிக்குப் போகிறவர், தயிர்ப்பானையோடு சந்தைக்குப் போகிற அம்மா. காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் ரேடியோ செட் கட்டியபோது குழாயில் ஓடியதும் இதே பாட்டுதான். அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாக இன்ஜினீயரிங் படித்து, நகரத்துக்குப் போன பிள்ளை முதலில் எதை மாற்றிக்கொள்கிறது? பேச்சை. ‘வாங்கண்ணே, போங்கண்ணே’ என்ற இழுவை குறைகிறது. அடுத்து சட்டை. அடுத்து பிளேலிஸ்ட். இன்டர்வியூவில் தாக்குப்பிடிக்கச் செய்கிற வேலைதான். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ராமராஜன் பாட்டை ஒளிக்கும்போது ஒளிக்கப்படுவது ராமராஜன் இல்லை, அந்த பஸ்.

கூச்சம் திடீரென்று விலகுவதையும் பார்க்கலாம். 2024 செப்டம்பரில் வந்த ‘லப்பர் பந்து’ அதற்கு நல்ல உதாரணம். 1989-இல் வந்த விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ படப் பாட்டு ஒன்றை, கெத்து தினேஷ் பேட்டைத் தூக்கும் இடத்தில் அந்தப் படம் ஒலிக்கவிட்டது. ஒரே வாரத்தில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் முழுக்க அதே பாட்டு. அதற்கு முந்தைய ஆண்டு ‘லியோ’ இதே வேலையை தேவாவின் ‘ஏழையின் சிரிப்பில்’ பாட்டுக்குச் செய்தது. இத்தனை வருடமாக அதே மெட்டு, அதே குரல். மாறியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு ‘கூலான’ படம் அதற்கு விசா அடித்துக் கொடுத்துவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. ராக் ரசிகர்கள் பல ஆண்டுகளாகக் கேலி செய்து வந்த பேண்ட் கிரீட். 2023-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி வீரர்கள் அவர்களுடைய 1999-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைத் தங்கள் அணிப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அணி தன் வரலாற்றில் முதல்முறையாக சாம்பியன் ஆனது. மறு ஆண்டு கிரீட் மீண்டும் மேடையேறியது. கேலி செய்த தலைமுறையே டிக்கெட் வாங்கியது. அங்கே பேஸ்பால், இங்கே லப்பர் பந்து.

இதில் ஒரு பாதி ஏமாற்று வேலையும் இருக்கிறது. ‘வைப்’ என்று சொல்லி, கண்ணடித்துக்கொண்டு கேட்பது. பாட்டுக்கு ஆடவும் வேண்டும், ‘நாங்க சீரியஸா கேட்கலை’ என்று காட்டவும் வேண்டும். கேலிக்காகக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு நானூறு தடவை கேட்டவரை ரசிகர் என்றுதான் சொல்ல வேண்டும்.

குற்ற உணர்வு தேவைப்படும் இடம்

அதற்காக, எந்தப் பாட்டைக் கேட்டாலும் மனசு உறுத்தவே கூடாது என்று அர்த்தம் இல்லை. அக்காலக் கிராமத்துப் படங்களில், படித்த, பணக்கார வீட்டுப் பெண்ணின் ‘திமிரை’ நாயகன் அடக்கும் கதைகள் நிறைய. அதை இன்று பார்க்கும்போது நெளிந்தால், அது நியாயமான நெளிவு.

அதைவிடக் கனமான ஒன்று உண்டு. ‘தேவர் மகன்’ (1992) தேசிய விருதுகள் வாங்கிய, யாரும் வெட்கப்படாமல் பெயர் சொல்கிற படம். அதன் பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் சாதிப் பெருமைக்கான கீதமாக ஒலித்துவந்திருக்கிறது. அந்தப் படம் தன்னை எப்படிப் பாதித்தது, அதிலிருந்து ‘மாமன்னன்’ (2023) எப்படிப் பிறந்தது என்று இயக்குநர் மாரி செல்வராஜ் கமல்ஹாசன் இருந்த மேடையிலேயே பேசினார். மேலூர் வட்டாரத்தில் இது சினிமா விவாதம் மட்டும் அல்ல. 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும், தலித்துகள் என்பதற்காக, பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டது இங்கேதான். இந்தப் பக்கத்தில் ஒரு பஸ்ஸில் என்ன பாட்டு ஓடுகிறது, அது யாரை மிரட்டுகிறது என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டிய பாட்டு கௌரவமான பிளேலிஸ்ட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குயிலையும் கரகத்தையும் பாடி, ஒருத்தருக்கும் தீங்கு செய்யாத பாட்டு ‘பிரைவேட் செஷனில்’ ஒளிந்துகொண்டிருக்கிறது.

2024 மே மாதம் ராமராஜன் பல ஆண்டுகள் கழித்து ‘சாமானியன்’ படத்தில் திரும்பி வந்தார். இசை, மறுபடியும் இளையராஜா. படம் பெரிதாகப் பேசப்படவில்லை. பழைய பாட்டுகள் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கின்றன. என்றைக்காவது ஒரு பெரிய இயக்குநர், ஒரு சண்டைக் காட்சிக்குப் பின்னால் ராமராஜன் பாட்டு ஒன்றைப் போடுவார். மறுநாள் காலையில் ஒயிட்ஃபீல்டு முழுக்க, “இது எனக்குச் சின்ன வயசுலயே ஃபேவரைட், ப்ரோ” என்று ஆளாளுக்குக் கிளம்புவார்கள். அதற்குள் மேலூர் மினி பஸ் டிரைவர் பென்டிரைவை மாற்றியிருப்பார்.