அடிக்காமலும் தகடு இறங்கும்!

கடைவீதியை ஒட்டி ஆழப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்றால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை நாள் ரோடு அடைப்பு?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "கரை சரியாமலிருக்க இரும்புத் தகடு இறக்குவீர்களே, அடித்து இறக்குவீர்களா, அழுத்தி இறக்குவீர்களா?"

ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் இந்த எஃகுத் தகடுகளை இன்ஜினீயர்கள் 'ஷீட் பைல்' என்பார்கள். இயந்திரச் சம்மட்டியால் அடித்தோ, அதிரவைத்தோ இறக்குவது பழைய முறை. அந்த அதிர்வு மண் வழியே பக்கத்துச் சுவருக்கும் போகும். தளர்ந்த மணற்பாங்கான இடமானால் மண் அமுங்கி அஸ்திவாரமே இறங்கக்கூடும். சுண்ணாம்புக் கட்டடத்தில் நாலு ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கியிருக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல.

ஜப்பானில் 1968-ல் இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1976-ல் அதிர்வுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன. இடையே 1975-ல், அந்நாட்டின் கோச்சி நகரில் கிடாமுரா அகியோ என்பவரின் நிறுவனம் சத்தமில்லாமல் தகடு இறக்கும் இயந்திரத்தை உருவாக்கியது. ஏற்கெனவே இறக்கிய தகடுகளின் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு, மண்ணில் அவற்றுக்குள்ள பிடிப்பையே பலமாக வைத்து, அடுத்த தகட்டை ஹைட்ராலிக் விசையால் அழுத்துகிறது. பிறகு அந்தத் தகடுகள் மீதே நகர்ந்து முன்னேறுகிறது. அரிசி மூட்டையில் குத்தூசியை நாம் சுத்தியலால் அடிப்பதில்லையே. சீராக அழுத்தித்தானே இறக்குகிறோம்!

குறைகளும் உண்டு. இறுகிய மண்ணிலும் பாறையிலும் வெறும் அழுத்தம் போதாது. துளையிட்டோ, தண்ணீர் பாய்ச்சியோ இறக்க வேண்டும். செலவும் கூடலாம். தகடு அமைதியாக இறங்கினாலும், பிறகு பள்ளத்தில் நிலத்தடி நீரை இறைத்தால் சுற்றுமண் தாழக்கூடும். ஆகவே கண்காணிப்பு கட்டாயம்.

ஜெர்மனியின் டி.ஐ.என். 4150 தர விதி, குறைந்த அதிர்வெண்ணில், நலிந்த பழங்கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு வினாடிக்கு 3 மில்லிமீட்டர் அதிர்வு வேகத்தையும், வணிகக் கட்டடத்துக்கு 20 மில்லிமீட்டரையும் வழிகாட்டும் அளவாகத் தருகிறது. கடை என்ற பெயருக்காக நம் பழைய சுவர்களை 20-ல் சேர்த்துவிட விடக்கூடாது.

வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கடைச் சுவரையும் இருதரப்பும் சேர்ந்து படம் எடுத்துக் கையெழுத்திட வேண்டும். அதிர்வுமானி வைத்து அன்றாடக் கணக்கை நமக்கும் காட்ட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள். சுவருக்கு நஷ்டஈடு கிடைத்தால் அது கட்டட உரிமையாளருக்கு. சரக்குக்கும் மூடிய நாட்களுக்கும் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

வளர்ச்சிப் பணிக்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. சுவர் விரிந்த பிறகு மனு எழுதுவது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம். டெண்டர் நிலையிலேயே சங்கத்தின் மூலம் கேட்போம் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.