பதிவேட்டில் இல்லாதவர்கள்

மருத்துவமனைகளில் மனநோய்க்காகச் சேர்க்கப்பட்டோரின் எண்ணிக்கை மாவட்டவாரியாக வெளிவரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுவது வழக்கமாகிவிட்டது. எண்ணிக்கை கூடிய ஊரைப் பார்த்து, 'நகர வாழ்க்கை மனிதனைப் பைத்தியமாக்கிவிட்டது' என்று புலம்புகிறது ஒரு குரல். எண்ணிக்கை குறைந்த ஊரைப் பார்த்து, 'மண்ணும் கூட்டுக்குடும்பமும் குலதெய்வமும் காத்த மனங்கள்' என்று பூரிக்கிறது மற்றொன்று. முதற்குரல் செய்தித்தாள்களுக்கு உரியது. இரண்டாவது, சொல்வதற்கு வருத்தமாக இருந்தாலும், பெரும்பாலும் இலக்கியவாதிகளுக்கு உரியது. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதே நம் வாதம். சேர்க்கைப் பதிவேடு நோயை அளப்பதில்லை. படுக்கை எங்கே இருக்கிறது, பேருந்து எங்கே போகிறது, கூடவே தங்கக் குடும்பத்தில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்பவற்றையே அது அளக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் 1850-களிலேயே இதை எண்களால் நிறுவினார். காப்பகத்துக்கு அருகிலுள்ள ஊர்களிலிருந்து நோயாளிகள் மிகுதியாகவும், தொலைவு கூடக்கூடக் குறைவாகவும் வந்து சேர்ந்தார்கள். தொலைவிலிருந்தவர்களுக்கு நோய் குறைவு என்று ஜார்விஸ் முடிவு கட்டவில்லை. தொலைவு அவர்களைத் தடுத்தது என்றே முடிவு கட்டினார். நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தும் நாம் அந்த எளிய பாடத்தைப் படித்தபாடில்லை.

தமிழ்நாட்டின் கதையை இந்தக் கண்கொண்டு பார்ப்போம். 1794-இல் சென்னையில் தொடங்கிய காப்பகம், 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. மாநிலம் முழுமைக்குமான பெரிய அரசு மனநல மருத்துவமனை என்றால் இன்றும் அது ஒன்றுதான். மதுரைக்கும் அதற்கும் இடையே 450 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. பேரையூர்ப் பக்கத்தில் வானம்பார்த்த பூமியில் கூலிவேலை செய்யும் ஒரு குடும்பம், தூங்காத, உண்ணாத, தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் மகனை அழைத்துக்கொண்டு அத்தொலைவைக் கடப்பதென்றால் என்ன பொருள்? துணைக்கு இருவர் போக வேண்டும். அவர்களின் கூலி போகும். இரவு முழுதும் மற்ற பயணிகளின் பார்வையைத் தாங்க வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் தங்க இடம் வேண்டும். ஆகவே தென்மாவட்டங்களிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள், குடும்பத்தால் இனித் தாங்கவே முடியாது என்னும் நிலைக்கு வந்தவர்கள், அல்லது தெருவில் திரிந்து காவல்துறையால் பிடிக்கப்பட்டு நடுவர் ஆணையின் பேரில் அனுப்பப்பட்டவர்கள். பதிவேட்டைப் படிப்பவன் இதிலிருந்து, 'தெற்கத்தி மனநோய் மூர்க்கமானது, ஆனால் அரிது' என்ற முடிவுக்கு வரக்கூடும். மூர்க்கம் இல்லாதவர்களுக்குப் பயணச்சீட்டு வாங்கப்படவில்லை என்பது பதிவேட்டில் எழுதப்பட்டிருக்காது.

மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மதுரைக்கு மட்டும் உரியதன்று. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று சுற்றிலுமிருந்து அங்கே வருகிறார்கள். எனவே அங்கு எண்ணிக்கை உயர்ந்தால் மதுரைக்காரர்களின் மனம் கெட்டுவிட்டது என்று தலைப்பிடுவதும், அக்கம்பக்கத்து மாவட்டங்களில் எண்ணிக்கை தாழ்ந்தால் அங்கே மனங்கள் செழித்திருக்கின்றன என்று எழுதுவதும் ஒரே அறியாமைதான்.

பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர்? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் வீடுவீடாகச் சென்று நடத்திய தேசிய மனநல ஆய்வு ஒரு விடை தருகிறது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோவொரு மனநலக் கோளாற்றுடன் வாழ்கிறார்கள். அவர்களுள் கடுமையான மனநோய் கொண்டோரில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குச் சிகிச்சை கிட்டவில்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான நோய்களில் 85 விழுக்காட்டினருக்கும், குடிநோயில் 86 விழுக்காட்டினருக்கும் அதே கதி. சிகிச்சை பெறும் அந்தச் சிறுபான்மையிலும் மிகச் சிலரே உள்நோயாளியாகச் சேர்கிறார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். அந்தச் சோற்றை எந்தப் பானையிலிருந்து எடுத்தோம் என்பது தெரிந்தால்தான் அது பதம்.

யார் சேர்க்கப்படுகிறார்கள் என்பதிலும் ஓர் அரசியல் உண்டு. பல அரசு மருத்துவமனைகளில் ஆண் உள்நோயாளிகளே மிகுதி. ஆணின் நோய் குடும்பத்தின் வருமானத்தை நிறுத்துகிறது. ஆகவே நகை அடகுக்குப் போகிறது, வண்டி பிடிக்கப்படுகிறது. பெண்ணின் நோய் அடுப்பை மட்டுமே நிறுத்துகிறது. அவள் பிறந்தவீட்டுக்கு அனுப்பப்படுகிறாள், அல்லது கோடாங்கியிடம் கூட்டிச் செல்லப்படுகிறாள். ஆண்களின் சேர்க்கையில் குடியின் பங்கு தனி அத்தியாயம். 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையைத் தானே நடத்தும் அரசு, அதன் விளைவுகளுக்குத் தானே படுக்கையும் போடுகிறது. கடைகளின் எண்ணிக்கையும் குடிமீட்புப் படுக்கைகளின் எண்ணிக்கையும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்த பத்திகளாக வெளியிடப்பட வேண்டும் என்று கேட்டால், அதைக் குசும்பு என்கிறார்கள். நாம் அதைக் கணக்கு என்கிறோம்.

பதிவேட்டில் இல்லாதவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதை 2001 ஆகஸ்ட் 6 விடியலில் நாடே பார்த்தது. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். மருத்துவமனைச் சேர்க்கைப் புள்ளிவிவரம் எதிலும் அவர்கள் இல்லை. கரிக்கட்டைகளாக ஆன பிறகே அரசின் எண்ணிக்கைக்குள் வந்தார்கள். உச்சநீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, 2002 பிப்ரவரியில், மனநலச் சிகிச்சை தருவதாகச் சொல்லும் பதிவுபெற்ற, பெறாத எல்லா அமைப்புகளையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. மருத்துவமனைப் பதிவேடு போதாது என்பதைத்தான் அந்த ஆணை சொல்லாமல் சொன்னது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் எங்கேயும் தடைசெய்கிறது.

இந்த இடத்தில் நம் பகுத்தறிவு நண்பர்கள், தர்காவையும் கோயிலையும் மாதாகோயிலையும் இழுத்து மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அதையும் நம்மால் ஏற்க இயலவில்லை. கோரிப்பாளையத்துக்கும் குணசீலத்துக்கும் புளியம்பட்டிக்கும் மக்கள் ஏன் போகிறார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. அங்கே சீட்டு வாங்க வரிசை இல்லை. குடும்பத்தோடு தங்கலாம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற பட்டம் ஒட்டாது. வந்தது நோயன்று, காத்துக்கறுப்பு என்பதால் பழி நோயாளியின் மேல் விழாது. நிம்ஹான்ஸைச் சேர்ந்த இரகுராம் உள்ளிட்ட மருத்துவர்கள், தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தின்றி, சங்கிலியின்றி, பரிவான சூழலில் சில வாரங்கள் தங்கியதிலேயே நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். மருந்து வேண்டாம் என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் குற்றவாளி வழிபாடு அன்று, சங்கிலி என்பதை அது தெளிவாக்குகிறது. பின்னாளில் ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மருந்தும் துஆவும் ஒருசேரக் கிடைக்க வழிசெய்யப்பட்டது. நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவம் போனதே அதன் சிறப்பு.

இனி, எண்ணிக்கை குறைந்த ஊரைக் கண்டு பூரிக்கும் குரலுக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். இலட்சம் பேருக்கு 25.9. நாட்டின் சராசரி 12.4. எல்லாத் தற்கொலையும் மனநோயால் நேர்வதன்று, கடனும் சாதியும் தேர்வும் கொல்கின்றன என்பதை அறிவோம். இருந்தும், நாட்டின் சராசரியைப் போல் இருமடங்கு மக்கள் தம்மை மாய்த்துக்கொள்ளும் மாநிலத்தில் நின்றுகொண்டு, படுக்கைகள் காலியாக இருக்கும் ஊரில் மனங்கள் நலமாக இருப்பதாகச் சொல்ல எப்படி நா எழுகிறது? பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர் விஷமுறிவுப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். மனநலக் கணக்கில் அவர் ஏறுவதில்லை. காவல்துறைக்கு அஞ்சி, 'தெரியாமல் குடித்துவிட்டார்' என்று உறவினர்கள் எழுதச் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய பிரிவே இல்லை. ஆனால் அச்சம் போகவில்லை, பொய் போகவில்லை, ஆகவே எண்ணும் திருந்தவில்லை.

பெரிய மருத்துவமனைகளை மேலும் கட்டினால் போதுமா? அதுவும் இல்லை. கேரளத்தில் மூன்று அரசு மனநல மருத்துவமனைகள் உண்டு. அங்கே தற்கொலை விகிதம் 2022-இல் 28.5. வட்டத் தலைநகரில் வாரந்தோறும் தவறாமல் வரும் மனநல மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராமல் இருக்கும் மாத்திரை, வராத நோயாளியைத் தேடிப் போகும் ஒரு பணியாளர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சேர்க்கையின் தேவையே குறையும். அப்போது குறையும் எண்ணிக்கையைக் கண்டு மகிழலாம்.

இலக்கியவாதிகளிடம் கேட்க நமக்கு ஒன்று உண்டு. இறைவனையே பித்தன் என்று விளித்துப் பாடிய மரபு நம்முடையது. பித்து நமக்கு அழகான சொல். ஆனால் பித்தின் அழகைப் பேசுவோர், மதுரையில் பிறந்து 2003-இல் மறைந்த கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நாவலை மறுபடி எடுத்துப் பார்க்கட்டும். உளவியலும் சமூகப்பணியும் கற்று, தாமும் மன நெருக்கடியில் உழன்று, மனநல விடுதிக்குள் இருந்தோரின் பேச்சை அலங்காரமின்றி எழுதியவர் அவர். எம்.வி. வெங்கட்ராம் தம் செவிகளில் ஒலித்த குரல்களோடு ஆண்டுக்கணக்கில் போராடியதன் பதிவான 'காதுகள்' 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இவ்விருவரையும் நடை என்றும் உத்தி என்றும் விவாதித்த அளவுக்கு, வலி என்று விவாதித்தவர்கள் குறைவு. எழுதத் தெரிந்தவர்களின் குரலையே இப்படிக் கேட்ட சமூகம், எழுதத் தெரியாதவர்களின் குரலை எப்படிக் கேட்கும்?

ஆகவே நம் கோரிக்கை எளியது. சேர்க்கைப் பதிவேட்டைத் தூக்கி எறிய வேண்டாம், அதன் பத்திகளைக் கூட்டுங்கள். நோயாளி எந்த வட்டத்திலிருந்து வந்தார், நோய் தொடங்கி எத்தனை ஆண்டு கழித்து வந்தார், அதற்குமுன் எங்கெங்கே போனார், எத்தனையாவது முறையாகச் சேர்கிறார், குணமானபின் அழைத்துப்போக ஆள் வந்ததா என்பவற்றை எழுதுங்கள். பெயரை மறைத்து வட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பக்கத்திலேயே புறநோயாளிகள் எண்ணிக்கையையும், மாத்திரை இருப்பில் இல்லாத நாட்களின் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். அந்த அட்டவணையில் ஒரு வட்டத்துக்கு நேராகச் சுழியம் நிற்குமானால், அங்கே மனநோய் இல்லை என்று எவரும் எழுத வேண்டாம். அந்த ஊருக்கு முதலில் ஒரு மருத்துவரை அனுப்புங்கள்.