முதல் காட்சி ஊரிலேயே நடக்கட்டும்

யூடியூபில் ‘கொல்லிமலை’ என்று தேடினால் வருபவை பெரும்பாலும் ஒரே மாதிரியான படங்கள். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஹெல்மெட்டில் மாட்டிய கேமரா, ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், அருவிக்கு மேலே பறக்கும் டிரோன். வளப்பூர் நாட்டு அறப்பளீஸ்வரர் கோயில் சில நொடிகள் வந்து போகும். சாலையோரம் அன்னாசி விற்கும் அம்மா விலை சொல்வார், அதோடு அவர் பேச்சு வெட்டப்பட்டுவிடும். மலையில் வாழ்பவர்கள் இந்தப் படங்களில் வழி சொல்கிறார்கள், பழம் விற்கிறார்கள். கதை சொல்வது எப்போதும் கீழேயிருந்து ஏறி வந்தவர்தான்.

இந்த நிலை மாற வேண்டும். ‘நாடு’ எனப்படும் கொல்லிமலையின் 14 ஊர்த் தொகுதிகளிலும் கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பாட்டுக்கு வாயசைத்து ரீல்ஸ் போடுகிறார்கள், நண்பனைக் கலாய்த்து ஒரு நிமிட வீடியோ எடுக்கிறார்கள். அவர்களே நான்கைந்து பேராகச் சேர்ந்து பத்து நிமிடக் குறும்படமும் நகைச்சுவைத் தொடரும் எடுக்க முடியும். எடுத்ததை இணையத்தில் ஏற்றுவதற்கு முன், சொந்த ஊரில் ஒரு சுவரிலோ வெள்ளை வேட்டியிலோ போட்டுக் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது காரியம்தான் முக்கியம். இளைஞர்கள் அநேகமாகத் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

ஏன் முக்கியம் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் மாலேகான் ஊரைப் பார்க்கலாம். விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். அங்கே வீடியோ பார்லர் நடத்திவந்த நாசிர் ஷேக் என்பவர், 2000-ஆம் ஆண்டு வாக்கில் ‘ஷோலே’ படத்தைத் தன் ஊருக்கு ஏற்ற நகைச்சுவைப் படமாக மாற்றி எடுத்தார். பெயர் ‘மாலேகான் கே ஷோலே’. செலவு சுமார் 50,000 ரூபாய். நடித்தவர்கள் அவருடைய நண்பர்களும் உள்ளூர்த் தொழிலாளிகளும். கொள்ளைக்காரர்கள் குதிரைக்குப் பதில் சைக்கிளில் வந்தார்கள். நகரும் ஷாட் வேண்டுமென்றால் கேமராக்காரர் சைக்கிளில் ஏறிக்கொள்வார். உயரத்திலிருந்து எடுக்க மாட்டுவண்டியின் ஏர்க்காலைத் தூக்கி இறக்குவார்கள். அதுதான் அவர்களுடைய கிரேன்.

படம் மும்பைக்குப் போகவில்லை. மாலேகானின் வீடியோ பார்லர்களிலேயே ஓடியது. வெள்ளிக்கிழமை தறி நின்ற பிறகு சினிமாவுக்குக் கிளம்பும் மக்கள், தங்கள் தெருவையும் தங்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் திரையில் பார்த்தார்கள். டிக்கெட் காசு ஊரிலேயே கிடைத்தது, அடுத்த படத்துக்கு முதல் ஆனது. பின்னர் அவர்கள் எடுத்த சூப்பர்மேன் படத்தில் நாயகன் ஒல்லியான தறித் தொழிலாளி ஷஃபீக். அந்த சூப்பர்மேன் புகையிலையோடும் ஊர்க் குப்பையோடும் சண்டை போட்டான். ஏனென்றால் மாலேகானின் நிஜத் தொல்லைகள் அவைதான். இந்தக் கதையை ஃபைசா அகமது கான் 2008-இல் ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். ரீமா காக்தி இயக்கிய ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்’ 2025 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. உலகம் மாலேகானைத் தேடி வந்ததற்குக் காரணம், மாலேகான் உலகத்துக்காகப் படம் எடுக்காமல் மாலேகானுக்காக எடுத்தது.

தமிழ்நாட்டில் குறும்படம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் என அதன் வழியே வந்தவர்கள் சினிமாவின் போக்கையே மாற்றினார்கள். 2012-இல் வந்த ‘காதலில் சொதப்புவது எப்படி’, 2013-இன் ‘நேரம்’, 2014-இன் ‘பண்ணையாரும் பத்மினியும்’, அதே ஆண்டின் ‘முண்டாசுப்பட்டி’ ஆகிய நான்கும் முதலில் குறும்படங்கள். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச யாராலும் முடியாது. ஆனால் அது ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. குறும்படம் என்பது கோடம்பாக்கத்துக்குள் நுழைய ஒரு விசிட்டிங் கார்டு என்று ஆகிவிட்டது. அந்தக் கார்டு பத்துப் பேருக்கு வேலை செய்தால், பல நூறு பேருக்குச் செய்யாது. நுழைய முடியாதவர்களின் படங்கள் வீணாய்ப் போனதாகவே அவர்களும் வீட்டாரும் நினைத்துவிடுகிறார்கள். ஊரில் இருநூறு பேர் பார்த்துச் சிரித்த படம் எப்படி வீணாகும்?

சொந்த ஊர்க் கதையைச் சொந்தப் பேச்சில் சொல்வதற்கு இன்னும் பக்கத்து உதாரணம் கோவையின் நக்கலைட்ஸ் குழு. கொங்குத் தமிழில், கொங்கு வீட்டு முற்றத்தில், அம்மாவும் மகனும் போடும் வாய்ச்சண்டையை வைத்தே பெரும் பார்வையாளர் கூட்டத்தைச் சேர்த்தவர்கள் இவர்கள். அவர்களுடைய வீடியோக்களில் நாட்டையே உலுக்கும் கதை ஒன்றும் இருக்காது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், மொய், கடன், வேலை கிடைக்காத பையன். ஆனால் ஒவ்வொரு வசனமும் அந்த மண்ணில் நிஜமாகவே யாரோ பேசியது. அந்தக் குழுவிலிருந்து வந்த ராஜேஷ்வர் காளிசாமி இயக்கி, மணிகண்டன் நடித்த ‘குடும்பஸ்தன்’ 2025 ஜனவரியில் வெளியாகி வெற்றி பெற்றது. கோவைக் குடும்பம் ஒன்றின் மாதக் கடைசித் தவிப்பை தூத்துக்குடிக்காரரும் திருவண்ணாமலைக்காரரும் தங்கள் வீட்டுக் கதையாகப் பார்த்தார்கள்.

கொல்லிமலைத் தமிழ் கோவைத் தமிழ் அல்ல. மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சுக்குத் தனி இழுப்பும் தனிச் சொற்களும் உண்டு. கீழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் முதலில் மறைக்கக் கற்றுக்கொள்வது அதைத்தான். ஒரு நகைச்சுவைத் தொடரில் அந்தப் பேச்சு தயக்கமில்லாமல் ஒலித்தால், வெட்கத்தை நீக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது. விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனின் இரவு. சோளக்காடு சந்தையில் பலாப்பழத்துக்குப் பேரம் பேசும் சுற்றுலாக்காரரும், அந்தப் பழத்தை மரமேறி இறக்கியவரும். மிளகு விலை ஏறும் என்று மூட்டையை வீட்டில் அடுக்கிவைத்த மாமனார். சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையில் இடம் பிடிக்கக் காத்திருக்கும் மூன்று காதலர்கள். இவற்றையெல்லாம் எழுதச் சென்னையிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை, வந்தாலும் அவர்களால் எழுத முடியாது.

அடுத்தது எடுக்கும் வேலை. இதில் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் செலவாகும். கிறிஸ்டோபர் நோலன் 1998-இல் வெளிவந்த தன் முதல் படமான ‘ஃபாலோயிங்’கைச் சுமார் 6,000 டாலரில் எடுத்தார். நடித்த நண்பர்கள் எல்லோரும் வாரநாளில் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் சனிக்கிழமைகளில் மட்டும், ஏறத்தாழ ஓராண்டு படப்பிடிப்பு நடந்தது. பிலிம் சுருளுக்குக் காசு இல்லாததால் நாடகம்போல் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, ஒன்று இரண்டு டேக்கில் முடித்தார்கள். விளக்குக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சம். இன்று போனில் எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் ஒத்திகை என்ற ஒன்றே மறந்துபோய்விட்டது. பெரும்பாலான நண்பர் குழுப் படங்கள் சொதப்புவது இங்கேதான். வசனத்தைக் கேமரா முன்னால் நின்றுதான் யோசிக்கிறார்கள். எடுத்து முடித்தபின் எடிட் செய்பவன் தலையில் எல்லாம் விழுகிறது.

இரண்டாவது தவறு ஒலி. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் மன்னிப்பார், வசனம் கேட்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். மலைக்காற்று போனின் மைக்கை நிரப்பிவிடும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வயர் வைத்த காலர் மைக் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால், இன்னொரு போனை நடிப்பவரின் சட்டைப் பைக்குள் ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு, ஷாட் தொடங்கும்போது ஒருமுறை கைதட்ட வேண்டும். எடிட்டில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். முகத்தில் நிழல் விழுந்தால் ஒரு தெர்மாகோல் அட்டை. ‘வழக்கு எண் 18/9’ படத்தை 2012-இல் பாலாஜி சக்திவேல் எடுத்தது திருமண ஸ்டுடியோக்களிலும் புழங்கிய கேனன் 7டி ரகக் கேமராவில் என்பதை நினைத்துக்கொண்டால், கருவி இல்லை என்ற ஏக்கம் பாதி குறையும்.

மலைக்கு என்று தனிச் சிக்கல்களும் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால், வெயிலில் தொடங்கிய காட்சி முடிவதற்குள் பனிமூட்டம் வந்து மூடிவிடும். அடுத்த நாள் வந்து மிச்சத்தை எடுத்தால் ஒரே உரையாடலில் பாதி வெயில், பாதி பனி. ஒன்று, காட்சியைச் சின்னதாக எழுத வேண்டும். அல்லது பனியையே கதைக்குள் கொண்டுவர வேண்டும். காப்பிப் பழம் எடுக்கும் மாதங்களிலும் மிளகு பறிக்கும் மாதங்களிலும் நடிக்க ஆள் கிடைக்காது. காட்டுக்குள் எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி முதலில் வாங்க வேண்டும். இதையெல்லாம் கணக்கில் வைத்து எழுதும் குழுதான் படத்தை முடிக்கும்.

நகைச்சுவை யாரைப் பார்த்து என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. சேலம், நாமக்கல் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவைக் கிண்டல் செய்வான். மகாபாரதத்துக்கு நடுவே உள்ளூர் வம்பையும் இழுப்பான், கூத்துக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதரையும் விடமாட்டான். அவன் கைவைப்பது பெரும்பாலும் தன்னைவிட மேலே இருப்பவர்மேல். இப்போது ஓடும் பல ஸ்கிட்களில் இது தலைகீழாக இருக்கிறது. கறுத்த பெண், குண்டான நண்பன், திக்கிப் பேசும் பெரியவர், ஊருக்குப் புதிதாக வந்த வடநாட்டுத் தொழிலாளி. அடித்தால் திருப்பி அடிக்காதவரைப் பார்த்துச் சிரிப்பது சோம்பேறித்தனம். தெருவில் போகிறவரைக் கேட்காமல் பிராங்க் செய்து முகத்தைப் போட்டுவிடுவது அதைவிட மோசம். ஊரில் முதலில் திரையிட வேண்டும் என்ற விதி இங்கேயும் காப்பாற்றும். எதிரே அந்தப் பெரியவரே உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தால் எழுதுகிறவன் பேனா தானாகவே திருந்தும்.

பெண் பிள்ளைகள் இந்தக் குழுக்களில் இருக்கிறார்களா என்பதையும் கேட்டாக வேண்டும். தம்பிக்குச் சேலை கட்டி அக்கா வேடம் போடுவது ஒருமுறை சிரிப்பு, ஒவ்வொரு முறையும் என்றால் அது வெற்றிடம். வீட்டில் அனுமதி கிடைக்காததற்குப் பாதிக் காரணம், எடுத்த வீடியோ எங்கே போகும், யார் கமென்ட் போடுவார்கள் என்ற பயம். முன் வரிசையில் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்து பார்க்கும் முதல் காட்சி அந்தப் பயத்தைக் கொஞ்சமாவது குறைக்கும். கேமராவுக்குப் பின்னால் நிற்கவும் எடிட் செய்யவும் பெண்கள் வந்தால் கதைகளே மாறிவிடும்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். யூடியூப் விளம்பர வருவாய்க்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அது வந்தாலும் தொடக்கத்தில் பெட்ரோல் செலவுக்குக்கூடக் காணாது. 2020 ஜூனில் டிக்டாக் ஒரே இரவில் தடை செய்யப்பட்டபோது, அதை நம்பியிருந்த கிராமத்துக் கலைஞர்கள் பலர் சேர்த்த கூட்டம் மொத்தமும் போனது. அடுத்தவன் மேடையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல் 2018-இல் தொடங்கி 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது உண்மை. தாத்தாவும் பேரன்களும் விடாமல் செய்த உழைப்பு அது. எல்லோருக்கும் அது நடந்துவிடாது, நடக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

அரசு செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. மாணவர்கள் பார்த்ததைப் பற்றிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். மலையில் உள்ள பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளில் அதன் அடுத்த படியாக, ஆண்டுக்கு ஒரு குறும்படத்தை மாணவர்களே எடுக்கட்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரமும் நண்பர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஒரு போன், ஒரு மைக், வழிகாட்ட விருப்பமுள்ள ஓர் ஆசிரியர் போதும்.

இன்னொன்று, ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, கலை நிகழ்ச்சிகள் எல்லாம் உண்டு. ஆடிப்பெருக்குக் கூட்டம் மலை முழுக்க நிறைந்திருக்கும் நாட்கள் அவை. அந்த விழாவின் ஒரு மாலையில் ஒரு மணி நேரத்தை, கொல்லிமலைக்காரர்கள் எடுத்த குறும்படங்களுக்கு ஒதுக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். மேடையும் ஒலிபெருக்கியும் எப்படியும் போடப்படுகின்றன. கூடுதலாக வேண்டியது ஒரு திரையும் புரொஜெக்டரும். 14 நாடுகளிலிருந்தும் நாட்டுக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் நான்கு நிமிடம் என்றால்கூட அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அறிவிப்பு தை மாதமே வந்தால், காப்பியும் மிளகும் முடிந்தபின் எழுதி, ஒத்திகை பார்த்து, எடுத்து, ஆடிக்குள் கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்கும்.