‘பிரேக் டிஸ்க் வாரண்டில வராது சார்!’ - அப்படியே நம்பிடணுமா?

“பேடு தேய்ஞ்சிருக்கு, டிஸ்க்கும் போச்சு. ரெண்டு பக்கமும் மாத்தணும். வேர் அண்ட் டியர் ஐட்டம் சார், வாரண்டில வராது.”

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இந்த வசனத்தைக் கேட்காத கார்காரர்கள் குறைவு. இத்தனைக்கும் கார் வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்காது. சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் வேலைக்கு வந்து போகிறவர் என்றால் போக வர 90 கிலோமீட்டர். வருஷத்துக்கு 25,000 கி.மீ. சாதாரணமாக ஓடிவிடும். பில் என்னவோ சில ஆயிரம் ரூபாய்தான். லீவு போட்டு வந்து சண்டை போட யாருக்கும் தெம்பில்லை. கார்டைத் தேய்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்த வசனத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி, டிஸ்க்கை யாராவது அளந்து பார்த்தார்களா என்பதைப் பொறுத்தது.

தேய்மானமா, பழுதா?

பிரேக்கை மிதிக்கும்போது பேடு டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது. ஓடும் காரின் ஆற்றல் முழுக்க வெப்பமாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த வெப்பம் நான்கு மடங்கு. வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் சக்கர பிரேக்குகள்தான் பெரும் சுமையைத் தாங்குகின்றன. நம்மூர் சின்ன கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேடு தேய்வதற்காகவே செய்யப்பட்டது. புதுசில் 10 மி.மீ. அளவில் இருக்கும், 3 மி.மீ. பக்கம் வந்தால் மாற்றிவிட வேண்டும். இதை வாரண்டியில் கேட்பது, டயர் தேய்ந்துவிட்டது என்று கேட்பது மாதிரி. நியாயமில்லை.

டிஸ்க் கதை வேறு. அது வார்ப்பிரும்பு. அதுவும் தேயும், ஆனால் மெதுவாக. பொதுவாக இரண்டு மூன்று செட் பேடுகளையாவது பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெறும். எவ்வளவு தேயலாம் என்பதற்கு கம்பெனியே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பெரும்பாலான டிஸ்க்குகளின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்ச தடிமன் என்று ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். புது டிஸ்க் 22 மி.மீ. என்றால் அந்த எண் 20 என்பதுபோல இருக்கும். அதாவது மொத்த ஆயுளே இரண்டு மில்லிமீட்டர்தான்.

கேள்வி இங்கேதான் வருகிறது. டிஸ்க் 21.5 மி.மீ. இருக்கிறது, ஆனாலும் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, பெடல் காலைத் தள்ளுகிறது. தேய்மானம் என்றால் தடிமன் குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லையே. பிறகு அதைத் தேய்மானம் என்று எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

‘டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு’ என்று மெக்கானிக்குகள் சொல்வதும் பெரும்பாலும் பெண்டு அல்ல. டிஸ்க்கின் சுற்றில் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் தடிமன் சற்றே மாறிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம் வந்தாலே காலுக்குத் தெரியும். அதற்குக் காரணங்கள் பல. ஹப் நேராகச் சுழலாமல் இருக்கலாம். காலிபர் ஒட்டிக்கொண்டு பேடை விடாமல் பிடித்திருக்கலாம். வார்ப்பிலேயே குறை இருக்கலாம். பஞ்சர் கடையில் வீல் நட்டுகளை ஒன்றை அதிகமாக, ஒன்றைக் குறைவாக முறுக்கியதும் காரணமாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு கம்பெனியைப் பிடிக்க முடியாது. ஆனால் முதல் மூன்றும் வாரண்டிக்குள் கேட்க வேண்டியவை.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேடு அப்பளம் மாதிரி ஆகியிருக்கிறது, வெளிப்பக்கப் பேடு நன்றாக இருக்கிறது என்றால் அது நீங்கள் ஓட்டிய விதத்தால் வந்தது இல்லை. காலிபரைப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.

உப்புக்காற்று யார் கணக்கில்?

மழையில் நனைந்த காரை மறுநாள் காலை எடுத்தால் டிஸ்க் மேல் ஆரஞ்சு நிறத்தில் துரு படிந்திருக்கும். பயப்பட வேண்டாம், நாலு பிரேக்கில் போய்விடும். ஆனால் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில் காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கதை மாறும். ஐப்பசி, கார்த்திகை ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்து டிஸ்க்கில் பள்ளம் போட்டுவிடும். பேடு ஒட்டி நின்ற இடம் மட்டும் தனியாகத் தடம் விழும். பிறகு எவ்வளவு ஓட்டினாலும் உதறல் போகாது. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் ஊரில் விட்டுப்போன கார்களில் இதைப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் வாரண்டி புத்தகத்தைத் திறந்து, ‘இவை அடங்காது’ என்ற பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலான புத்தகங்களில் உப்பு, காற்றில் வரும் படிவுகள், வெள்ளம், புயல் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். மோட்டார் இன்சூரன்ஸோ, வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். தேய்மானத்துக்கும் துருவுக்கும் தராது. 2011 டிசம்பரில் தானே புயலையும், 2015 வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சலை ஒட்டி தென்பெண்ணை பெருக்கெடுத்ததையும் பார்த்த மாவட்டம் இது. இங்கே கார் விற்கும்போது கடற்கரை தெரிகிறது, கிளெய்ம் வரும்போது மட்டும் கடற்கரை ஒரு விதிவிலக்காகிவிடுகிறது. இது சரியா?

உப்புக்காற்று கார் ஓட்டுபவரின் தவறு அல்ல. துருவால் பாதுகாப்பே போகும் அளவுக்குச் சிக்கல் வந்தால் கம்பெனிகளே இறங்கி வந்ததும் உண்டு. 2022 ஜூனில் மெர்சிடிஸ் பென்ஸ், பிரேக் பூஸ்டரில் துரு ஏறக்கூடும் என்று 2004 முதல் 2015 வரை தயாரித்த கிட்டத்தட்ட 10 லட்சம் கார்களை உலகம் முழுவதும் திரும்ப அழைத்தது. ஆடம்பர காருக்கு ஒரு நீதி, அன்றாட காருக்கு ஒரு நீதியா என்று கேட்கத் தோன்றுகிறது. (அது ரீகால், இது வாரண்டி. சட்டப்படி இரண்டும் வேறு என்பது தெரியும். இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது.)

‘வெளில சர்வீஸ் விட்டா வாரண்டி போயிடும்’

சிதம்பரத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் பேடு மாற்றினால் நேரமும் பணமும் மிச்சம். ஆனால் கவுன்டரில் மிரட்டல் வரும். இதில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவரின் புகாரில் தொடங்கிய வழக்கு அது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. கூடவே, வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த மெக்கானிக்கின் தவறான வேலையால் வந்த சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீடு, ரிட் மனு என்று சண்டை பல வருஷம் இழுத்தது. அதனால் இந்த உத்தரவை துருப்புச்சீட்டாக நினைக்க வேண்டாம். ஆனால் கையில் வைத்திருக்க வேண்டிய வாதம். வெளியில் பேடு மாற்றியவருக்கு டிஸ்க் கிளெய்மை மறுத்தால், ‘அந்த பேடு எப்படி இந்த டிஸ்க்கைக் கெடுத்தது?’ என்று எழுத்தில் கேளுங்கள்.

கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்குமா?

எதிர்பார்ப்பை முதலில் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. பாகம் கெட்டால் பாகம்தான், புது கார் கிடைக்காது. மாருதி உத்யோக் - சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வாரண்டியின் வாக்குறுதி குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது, முழு காரை மாற்றுவது அல்ல.

மறுபக்கம், 2022 ஏப்ரலில் ஹூண்டாய் - ஷைலேந்திர பட்நாகர் வழக்கு. விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. மோதிய வேகம் போதவில்லை என்று கம்பெனி வாதாடியது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வாங்குபவர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று கூறிய உச்ச நீதிமன்றம், காரை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. பாதுகாப்புக் கருவி என்று வந்துவிட்டால் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாகக் காட்டியது. பிரேக்கும் பாதுகாப்புக் கருவிதானே.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கார் புதுச்சேரியில் வாங்கியதாக இருக்கலாம், கம்பெனி தலைமையகம் டெல்லியில் இருக்கலாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். சிதம்பரத்தில் இருப்பவருக்கு கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். சின்னத் தொகை என்றால் பல நேரம் அங்கேயே பேசி முடிந்துவிடும்.

ஆனால் குறை இருக்கிறது என்று காட்ட வேண்டியது புகார் கொடுப்பவர். ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எதை அனுப்புவது? கழற்றிய டிஸ்க்கை நீங்கள் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் அது காயலாங்கடைக்குப் போய் மாசக்கணக்கு ஆகியிருக்கும். காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது. கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி, மாடியில் போட்டு வையுங்கள். லேத்தில் கொடுத்து டர்னிங் போடுவதாக இருந்தாலும் அதற்கு முன் அளவையும் போட்டோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். டர்னிங் போட்டால் ஆதாரமும் சேர்ந்தே போய்விடும்.

ஒரே ஒரு எண் போதும்

டீலர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வாரண்டி கிளெய்முக்கு கம்பெனியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கம்பெனி பின்னால் நிராகரித்தால் செலவு டீலர் தலையில் விழும். அந்த ரிஸ்க்கை எடுப்பதைவிட, ‘வேர் அண்ட் டியர்’ என்று சொல்லி வாடிக்கையாளரிடம் பில் போடுவது எளிது. அட்வைசர் தம்பியைத் திட்டிப் பயனில்லை, ஏற்பாடே அப்படி.

அந்த ஏற்பாட்டை மாற்ற பெரிய சட்டம்கூட வேண்டாம். டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்று எழுதும் ஒவ்வொரு ஜாப் கார்டிலும் மூன்று அளவுகள் கட்டாயம் இருக்க வேண்டும்: இப்போதைய தடிமன், பொறிக்கப்பட்ட குறைந்தபட்ச தடிமன், சுழலும்போது வரும் ஆட்டம். மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் இருந்தால் பத்து நிமிஷ வேலை. குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கும் டிஸ்க்கைத் தேய்மானம் என்று எழுத அனுமதிக்கவே கூடாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தைத் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. வாரண்டி விவரம், சர்வீஸ் விவரம் எல்லாம் ஒரே இடத்தில் என்றார்கள். அங்கே ஒவ்வொரு மாடலுக்கும் பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமனைப் போடச் சொல்வதில் என்ன சிரமம்? கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவலில் ஏற்கெனவே இருக்கும் எண்தானே.

அதுவரை, கவுன்டரில் நிற்கும்போது ‘எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?’ என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் ‘அளந்து ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க’ என்று சொல்லுங்கள். வாரண்டி கிடையாது என்றால் அதையும் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே சேஸிஸ் நம்பரை கம்பெனி இணையதளத்தில் போட்டு, உங்கள் காருக்கு ரீகால் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2022 அக்டோபரில் மாருதி சுஸுகி, பின் பிரேக்கில் ஒரு பின் குறையுடன் இருக்கலாம் என்று வேகன் ஆர், செலெரியோ, இக்னிஸ் கார்களில் 9,925-ஐத் திரும்ப அழைத்தது. ரீகால் என்றால் அந்த வேலைக்கு உங்களிடம் பில் போட மாட்டார்கள்.