விலை குறைந்தால் விலக்கு நீங்குமா?

அமெரிக்காவில் பணிபுரியும் தம் மகனைப் பற்றி ஒரு தாய் நம்மிடம் கேட்டிருந்தார். மகனுடைய அலுவலகத் தோழர் ஒருவர் பொழுதுபோக்காகத் தம் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். ஆண்டு முழுவதும் ஆகும் செலவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். அதைப் பார்த்த மகன், “மது பணத்தை அழிக்கும் என்றுதானே மதரஸாவில் சொல்லித் தந்தார்கள்? இவருக்கு மிச்சமல்லவா ஆகிறது!” என்று வினவியிருக்கிறார். கேள்வி நியாயமானது. மழுப்பாமல் விடை சொல்ல வேண்டுமானால், அந்த நோட்டுப் புத்தகத்தை நாமும் திறந்து பார்த்தாக வேண்டும்.

அந்நாட்டில் இது சட்டம் அனுமதித்த பொழுதுபோக்கு. 1920 முதல் 1933 வரை அங்கே நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி கிடைக்கவில்லை. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அதற்கு வழிவிட்டது. வயது வந்தவர் ஒருவர் மட்டுமே உள்ள வீட்டிற்கு ஆண்டுக்கு 100 கேலன், அதாவது ஏறத்தாழ 378 லிட்டர். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். வரி இல்லை, விற்கவும் கூடாது. நம் தமிழகத்தில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம் என்பதை நாம் நினைவூட்டத் தேவையில்லை.

இனி கணக்கு. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகியவையே மூலப்பொருள்கள். வழக்கமான ஓர் ஈடு 5 கேலன், சுமார் 19 லிட்டர். அடியில் தங்கும் மண்டி போக 48 பாட்டில்கள் தேறும். ஓர் ஈட்டின் பொருட்செலவு 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஓர் ஈடு வீதம் ஆண்டுக்கு 480 டாலர், 576 பாட்டில்கள். பாட்டில் ஒன்றுக்கு 83 சென்ட் விழுகிறது. கடையில் அதே தரத்தில் ஒரு பாட்டில் இரண்டு டாலர் என்று கொண்டால் 1,152 டாலர் ஆகியிருக்கும். மிச்சம் 672 டாலர். மகன் கண்டு வியந்தது இந்தக் கடைசி வரியைத்தான்.

ஆனால் அந்த வரிக்கு மேலே ஏறாத இனங்கள் சில உண்டு. பெரிய கொதிகலன், புளிக்கவைக்கும் கலம், அடர்த்தி அளக்கும் கருவி, மூடிகள், கிருமிநீக்கி, எரிவாயு. முதல் ஆண்டோடு இவை முடிவதுமில்லை. சிறிய கலன் போய்ப் பெரிய எஃகுக் கலன் வரும்; வெப்பத்தைச் சீராக வைக்கத் தனியாக ஒரு குளிர்பெட்டி வரும்; பாட்டிலில் அடைப்பது அலுத்துப்போய் எஃகுப் பீப்பாயும் கரியமிலவாயு உருளையும் வந்து சேரும். காய்ச்சும் நாளில் ஐந்து மணி நேரம், அடைக்கும் நாளில் இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 84 மணி நேரம். இதற்குக் கூலி போடச் சொன்னால் அவர் சிரிப்பார். விருப்பத்தோடு செய்வதற்கு யார் கூலி போடுவார்? தோட்டம் வைத்திருக்கும் நாமும் போடுவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 576 பாட்டில்கள் என்றால் நாளொன்றுக்கு ஒன்றரைக்கும் மேல். கடையில் வாங்கியிருந்தால் இத்தனை வாங்கியிருப்பாரா? வாங்கியே இருக்க மாட்டாத ஒன்றின் விலையை மிச்சமென்று எழுதுவது எந்த வணிகரும் ஒப்புக்கொள்ளாத கணக்கு.

இருந்தும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருவிகள் மீது ஆசை வைக்காமல், எளிய பாத்திரங்களோடு நிறுத்திக்கொள்ளும் ஒருவருக்கு வீட்டுப் பீர் உண்மையிலேயே மலிவாக அமையலாம். ஆகவே “மது பணத்தை அழிக்கும்” என்ற ஒற்றை வாதத்தின் மீது ஹராமை நிறுத்தி வைத்தவர்கள் இங்கே விடையின்றி நிற்பார்கள். நம் ஊரில் அந்த வாதம் எளிதாக எடுபடுகிறது. டாஸ்மாக் கடையில் கூலியைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மனிதரை நாம் அன்றாடம் காண்கிறோம். அது பொய்யன்று. ஆனால் அது விலக்கின் விளைவுகளுள் ஒன்றைச் சுட்டுவதே தவிர, விலக்கின் அடிப்படையன்று.

யமன் தேசத்து மக்களும் தத்தம் வீடுகளில் காய்ச்சியவர்களே. தேனிலிருந்து ஒன்று, வாற்கோதுமையிலிருந்து ‘மிஸ்ர்’ என்னும் மற்றொன்று. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் இவை குறித்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, போதை தருவன அனைத்தும் ஹராம் என்பதே விடையாக வந்தது என்று புகாரியில் காண்கிறோம். தைலம் அல்ஹிம்யரீ (ரலி) அவர்களோ காரணங்களையும் எடுத்துரைத்தார்கள்: நாங்கள் வாழ்வது குளிர்மிகுந்த பூமி, செய்வது கடினமான உழைப்பு, கோதுமையில் செய்யும் பானத்தால்தான் வலிமை பெறுகிறோம் என்று. அதற்கு நபியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: அது போதை தருமா? ஆம் என்றதும், விலகிக்கொள்ளுமாறு கூறினார்கள். இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. என்ன விலை, யார் காய்ச்சியது, எவ்வளவு மிச்சம் என்ற பேச்சே அங்கு எழவில்லை. அந்த மகனுக்கு நாம் தரும் விடையும் இதுவே.

இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். கலம் சரியாகக் கழுவப்படாமல் ஓர் ஈடு புளித்துக் காடியாகிவிட்டால், காய்ச்சுபவர் அதைக் கீழே கொட்டிவிட்டு நட்டக் கணக்கில் எழுதுவார். நம் ஃபிக்ஹு நூல்களோ, மது தானாகவே காடியாக மாறினால் அது தூய்மையாகிவிடும் என்கின்றன. எதையேனும் சேர்த்து வேண்டுமென்றே காடியாக்கினால் என்ன என்பதில்தான் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் வேறுபடுகின்றன. அவருடைய புத்தகத்தில் நட்டமாக எழுதப்பட்ட வரி மட்டுமே நம் புத்தகத்தில் ஹலாலாகிறது!

அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம் என்பது நம் நெடுநாளைய வருத்தம். மதுவிலும் சூதிலும் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டு என்பதை அவ்வசனம் மறைக்கவில்லை. பாவம் பயனைவிடப் பெரியது என்று நிறுத்துச் சொல்கிறது. அதே வசனத்திலேயே இரண்டாவது கேள்வியொன்றும் இருக்கிறது: எதைச் செலவிட வேண்டும்? தேவைக்குப் போக எஞ்சியதை என்பது விடை. முதல் கேள்வியில் நாம் தேறிவிட்டோம் என்று நிம்மதியடைகிறோம். எஞ்சியது எவ்வளவு என்பதைக் கணக்கெழுதாதவர் எவ்வாறு அறிவார்? ஹராமான பொழுதுபோக்குக்கு அந்த அமெரிக்கர் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம், ஹலாலான பொழுதுபோக்குகளுக்கு நம் வீடுகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது? மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டும் அலங்காரங்கள், ஆண்டுதோறும் மாறும் கைப்பேசி, அத்தர் சீசாக்கள், வண்ண மீன் தொட்டி, எதற்கும் ஆண்டுக் கூட்டுத்தொகை நமக்குத் தெரியாது.

மாலை மதரஸாவின் மூத்த மாணவர்களிடம் ஆளுக்கொரு பொழுதுபோக்கின் ஓராண்டுச் செலவை எழுதிவரச் சொன்னோம். கிரிக்கெட் ஆடுபவர்கள் மட்டை, பந்து, வெளியூர்ப் போட்டிக்கான பேருந்துக் கட்டணம் வரை எழுதி, கூட்டுத்தொகையைத் தந்தையிடம் காட்ட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு தந்துவிட்டார்கள். புறா வளர்க்கும் மாணவன் மட்டும் இன்னும் தரவில்லை. கம்பு விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறதாம். வரும் வெள்ளிக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.